சித்தி பரீதா சித்தியா?

"ஜூன் 3, செவ்வாய். நேற்றுக் கூட்டியதில் ஒரு பிழை. மூன்றாம் அலகின் புள்ளியை இரண்டு தரம் சேர்த்துவிட்டேன். ஆகவே நேற்றைய சந்தோசம் செல்லாது."

நாட்குறிப்பில் 'செல்லாது' என்பதன் அடியில் பரீதா கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, குசினியிலிருந்து மதினி றிஷானா ஓடிவந்தாள். ஒரு கையில் அகப்பை, மறுகையில் பரீதாவின் போன்.

"புள்ள, நீ சித்தி! பாஸாகிட்டாய்! கிளாஸ் மிஸ் கோல் எடுத்தா. எடுத்தவுடனே, 'சித்தி, பரீதா' எண்டா!"

பரீதாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஹோட்டல் வரவேற்பாளருக்கான மாலை வகுப்பு அது. நான்கு அலகுகளின் புள்ளிகளையும் கூட்டித்தான் கடைசித் தரம். இருநூற்று நாற்பது வந்தால் திறமைச் சித்தி, குறைந்தால் வெறும் சாதாரண சித்தி. நிலாவெளி ஹோட்டல்காரர் வேலைக்குக் கேட்டது திறமைச் சித்தி. அவளிடம் மூன்று அலகுக்கும் சேர்த்து இருந்ததோ நூற்று அறுபத்திரண்டு. நான்காம் அலகு தொலைபேசியில் பேசுவது. அதற்கு இன்னும் திகதியே போடவில்லை.

"வேற என்ன சொன்னா, மதினி?"

"என்னமோ ரூம் இருக்கா எண்டா. பாவம், தங்க இடமில்ல போல. எங்கட நடு அறையத் தாறம் எண்டன். ஏசி இருக்கா எண்டா. ஜன்னலத் திறந்தா கடக்காத்துத்தான், அத விட என்ன ஏசி எண்டன்."

மிஸ் எதற்கு ரூம் கேட்கிறார்? பரீதாவுக்கு விளங்கவில்லை. எதையும் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்று வகுப்புக் காரியாலயத்துக்கு எடுத்தாள். கிளார்க் தயாளினி பேசினாள்.

"தயாளினி, நான் சித்திதானா?"

"ஓம், சித்திதானே. பரீதா."

மனம் குளிர்ந்தது. இருந்தாலும் ஒழுங்காகக் கேட்கவேண்டுமே. "திறமைச் சித்தியா?"

"அது தெரியாது. உங்கட அடையாள அட்டையில வெறும் சித்தி எண்டுதான் கிடக்குது."

பரீதா போனை மெல்ல வைத்தாள். மிஸ் கூப்பிட்டது 'சித்தி பரீதா' என்ற அவளுடைய முழுப்பெயரை.

அதற்குள் முற்றத்தில் அண்ணன் நஸ்ரி ஹோட்டல்காரருடன் போனில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தான். "ஓம் ஓம், திறமைச் சித்திதான்! திங்கக்கிழம வேலைக்கு வருவா!"

"காக்கா, நிப்பாட்டுங்க! அது என்ட பேரு!" என்று அண்ணனிடம் கத்தினாள்.

"பேரு எடுத்திட்டாய் எண்டுதானே நானும் சொல்றன்!"

உம்மாவிடம் சொல்லலாம் என்று போனால், அவர் வகுப்புக்குக் கொடுத்தனுப்ப, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பத்தை அவித்தே முடித்திருந்தார். "எல்லாருக்கும் குடு மகள். கண்ணூறு படாம மிஸ்ஸுக்குப் பெரிய துண்டாக் குடு."

வாங்காத சித்திக்கு வட்டிலப்பம். அதை மடியில் வைத்துக்கொண்டு பரீதா கிண்ணியாவிலிருந்து வகுப்புக் காரியாலயத்துக்குப் பஸ் ஏறினாள். திங்களுக்குள் சோதனை வைக்கச் சொல்லிக் கெஞ்சுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வைத்தாலும் எழுபத்தெட்டு எடுக்கவேண்டும். போன் அடித்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"தயாளினி, கோவிக்காதீங்க. எப்பிடியாவது திங்களுக்கு முதல் எனக்கு நாலாம் அலகு வைக்க ஏலாதா?"

தயாளினி வட்டிலப்பத்தில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டாள். அது கரையும்வரை பரீதா காத்திருந்தாள்.

"திரும்ப ஏன்? மிஸ் இப்பதான் சொன்னவ. ரூம் கேக்கிற ஆள் மாதிரி உங்களுக்குச் சொல்லாமல் எடுத்த கோல்தானாம் சோதினை. எண்பத்தொண்டு போட்டிருக்கிறா. கடற்காத்தையே ஏசியா வித்த பிள்ளையை இண்டைக்குத்தான் கண்டவவாம்!"

அன்றைய பக்கத்தின் கடைசியில் பரீதா எழுதினாள்:

"நாளை: போனை எடுத்தது மதினி என்று மிஸ்ஸிடம் சொல்லி, நான்காம் அலகைத் திரும்பச் செய்யக் கேட்பது. அதற்கு முதல், மதினியிடம் பாடம் கேட்பது."