அடுத்த சீசன் மருமகன்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்; மற்றதற்கு நேரம் கிடக்கிறது. பஸ்ரியன் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து கோயிலுக்குப் போன முதல் ஞாயிறு, வாசலில் அவருடைய சப்பாத்து நாடா அவிழ்ந்துபோயிற்று. குனிய ஏலாது, ஆரையும் கேட்க வெட்கம். மருமகன் எனெக்கோ கூட்டத்துக்குள் முழந்தாளிட்டு, பந்தடிக்கிற சப்பாத்துக்குக் கட்டுவதுபோல இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, ஏதோ செபம் சொல்ல முழந்தாளிட்டவர்போலச் சிலுவை அடையாளமும் போட்டு எழும்பினார். நன்றி சொல்ல விடவில்லை. ஆண்டவர் கண்டிருப்பார்.

இனி மற்றது. உலகத்தில் ‘அடுத்த சீசன்காரர்’ என்றொரு இனம் உண்டு. இவர்களுக்கு இந்த வருஷம் என்று ஒன்று கிடையாது. இந்த வருஷம் மழை, நடுவருக்குக் கண் தெரியாது, புல்லு நீளம், பந்துக்குக் காத்துப் போதாது. ஆனால் அடுத்த வருஷம், ஐயோ, அடுத்த வருஷத்தைப் பாருங்கோ! எனெக்கோ அந்த இனத்தின் அசல் வித்து.

ஆள் பாஸ்க்காரர். ஸ்பெயினுக்கு வடக்கே, மலையும் மழையுமான பக்கம். ஸ்பானியரோ என்று கேட்டால் முகம் கறுக்கும். தங்களுக்குத் தனிப் பாஷை, தனிக் கொடி என்று நின்ற நிலையில் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்துவார். பஸ்ரியனின் மகள் மெலனி இவரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று தகப்பனுக்குப் பிடித்துப்போனது அது ஒன்றுதான்.

அங்கே பதின்மூன்று வருஷம் உதைபந்தாட்டத்தில் முன்களத்தில் ஆடினவர். எந்தப் பிரிவில்? அதைக் கேட்கக் கூடாது. நாலாம் பிரிவு, அஞ்சாம் பிரிவு, ஒரு வருஷம் பிரிவென்றே சொல்ல முடியாத ஏதோ. ஒன்பது கழகம். ஒரு மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆறு ஓடும். பந்து விழுந்தால் எடுத்துவர ஒரு தோணிக்காரர் இருப்பாராம். எனெக்கோ ஆடின வருஷம் அந்த மனுசன் பட்ட பாட்டை எனெக்கோ சொல்லமாட்டார். நாமே ஊகிக்க வேண்டியதுதான். பேப்பரில் படம்கூட வந்தது. பேர்சுக்குள் மடித்து வைத்திருக்கிறார். விருந்துக்குப் போன வீடெல்லாம் அது வெளியே வரும்: “இது கீப்பர். இது கீப்பரின்ரை முழங்கை. முழங்கைக்குப் பின்னால நான்.”

இப்போது வயது முப்பத்தேழு. இரண்டு முழங்காலிலும் பட்டி. மார்கழியில் மெலனிக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது. பஸ்ரியன் தான் வேலைசெய்யும் ஜன்னல் பக்ரறியில், காலை ஷிப்ற்றில், மருமகனுக்கு ஓர் இடம் சொல்லிவைத்தார். குசினி மேசையில், மனைவி யூஜினி முன்னிலையில் ஒப்பந்தம்: ஊர்க்கிண்ண இறுதியாட்டத்தில் கோலடிக்காவிட்டால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு.

“அடிச்சால்?” என்றாள் மெலனி.

எல்லாரும் சிரித்தார்கள். எனெக்கோவும்தான்.

ஊர்க்கிண்ணம் தெரியும்தானே? கனடாவின் ஓகஸ்ட் வெயில், ஸ்காபரோ மைதானம், கொத்துரொட்டிக் கூடாரம், ஓயாத ஒலிபெருக்கி. ஓர் ஊரின் கழகத்துக்கு அந்த ஊரவர், அவர்களுடைய பிள்ளைகள், மருமக்கள் மட்டுமே ஆடலாம் என்று சட்டம். விசில் ஊத முன்னமே எதிர்க்கழகச் செயலாளர் அருள்நாயகம் கையைத் தூக்கினார்.

“உந்த வெள்ளைக்காரன் எந்த ஊரவன்?”

“எங்கடை மருமகன்,” என்றார் பஸ்ரியன்.

“மருமகனோ, வாடகைக்குப் பிடிச்ச ஆளோ? ஆதாரம் இருக்கோ, அண்ணை?”

இங்கேதான் கவனிக்க வேண்டும். பஸ்ரியன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றால் போதும். எனெக்கோ வெளியே, கோல் இல்லை, திங்கட்கிழமை ஜன்னல். விடியற்காலை அந்தோனியாரிடம் மன்றாடினதும் அதைத்தானே? ஆனால் இத்தனை சனத்துக்கு முன்னால் ஒருவன் தன் மகளுடைய கலியாணத்தைக் கலியாணமோ என்று கேட்டுவிட்டானே! முழங்கால் நோவை மறந்து காருக்கு ஓடினார். வெக்ஸ்போர்ட் வீட்டுக்குப் போய்க் கலியாண அல்பத்தோடு திரும்பினார். மூன்று கிலோ வரும். நடுவரும் இரண்டு கழகமும் குனிந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள்: பட்டுவேட்டி கட்டின எனெக்கோ, தாலி கட்டுகிற எனெக்கோ, கையால் சோறு தின்னப் பழகுகிற எனெக்கோ. எட்டாம் பக்கத்தில், சாப்பாட்டு வரிசையில், இரண்டு கோழிக்காலோடு ஒருவர்.

“உது... நான்தான்,” என்றார் அருள்நாயகம்.

ஆட்டம் தொடங்கியது. எனெக்கோ எட்டுத் தரம் அடித்தார். எட்டும் கொத்துரொட்டிக் கூடாரத்துக்கு. கடைசி நிமிஷம், மூலை உதை. எனெக்கோ காலுறையை இழுத்துவிடக் குனிந்தார். பந்து வந்து முதுகில் பட்டு உள்ளே போயிற்று.

கிண்ணம் பஸ்ரியனின் ஊருக்கு! யாரோ போனில் பிடித்த வீடியோவில் முதுகு தெரியவில்லை. பெரிய வித்தைபோல இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே, வடக்கே ஒன்பது மணித்தியாலம் தள்ளி ஒரு சுரங்க நகரத்துக் கழகம் கூப்பிட்டது. முன்களத்துக்கு அவசரமாக ஆள் வேண்டுமாம்.

பஸ்ரியன் கிண்ணத்தை மேசையில் வைத்தார். மெலனி அதைப் பார்க்கவில்லை.

“அப்பா, அல்பத்தை ஆர் கொண்டுபோய்க் காட்டினது?”

பஸ்ரியன் செபமாலையைத் தேடினார்.

நீங்கள் சிரியுங்கள். சிரித்து முடிந்தபின், மார்க்கம் நகரத்தில் வாங்கப்போகிற வீட்டையும், தை பிறக்க விடப்போகிற சிகரெட்டையும், பேஸ்மன்ற்றில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிற உடற்பயிற்சிச் சைக்கிளையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். உங்கள் முதுகிலும் எப்போதோ ஒரு பந்து பட்டிருக்கும். அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பஸ்ரியனே, வருகிற ஆவணிக்கு இலங்கைக்கு, மடுமாதா திருநாளுக்குப் போவேன் என்று இருபத்திரண்டு வருஷமாக விமான ரிக்கற் பார்க்கிறவர்தானே.

திங்கட்கிழமை காலை, பக்ரறியில் ஷிப்ற் தொடங்குகிற நேரம், மாமனும் மருமகனும் பஸ் நிலையத்தில் நின்றார்கள். மெலனி காரைவிட்டு இறங்கவில்லை. எனெக்கோ முதலில் மாமாவின் சப்பாத்து நாடாவைப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

“எப்பதான் உந்தப் பந்தடியை விடப்போறாய், தம்பி?”

எனெக்கோ வடக்கே போகிற பஸ்ஸின் படியில் ஏறித் திரும்பி நின்று, யூஜினி பழக்கின தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்:

“அடுத்த சீசன், மாமா. நீங்கள் மடுவுக்குப் போற வருஷம்.”