பிரான்சுக்குப் போன பச்சைக் குடம்

இந்த உலகத்தில் எந்தக் குழாயையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் குடம் சித்தப்பாதான். சிட்லபாக்கத்தில் ஏரியைப் பார்த்த வீடு. ஆனாலும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் எங்கள் தெருவில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்டதில்லை. "தண்ணி வந்துச்சா?" என்பதுதான் குசல விசாரிப்பு. தண்ணீர் லாரி ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும்போதே சித்தப்பா குடத்தோடு வாசலில் நிற்பார். அப்பா காலமான பிறகு, சித்தப்பா வீட்டுத் தொட்டிக்கு முன்னால் எங்கள் தொட்டிதான் நிரம்பும்.

வேலைக்காக பிரான்ஸ் போன அக்கா, அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் மாமியார் எங்களைப் பார்த்ததே இல்லை. ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே ஒரு கிராமத்தில் பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு குடும்பத்தையும் சேர்த்துத் தங்க வைக்க ஏற்பாடு செய்தாள். போனில் என்னிடம் ஒரே கெஞ்சல்.

"டேய், அவங்க ரொம்ப ஒழுங்கு பாக்கறவங்க. சித்தப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோ. மொத தடவையே என் மானம் போயிடக் கூடாது."

சித்தப்பா பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு ஏர்போர்ட்டுக்கு வந்து இறங்கினார்.

"எதுக்கு சித்தப்பா இது?"

"உள்ள முறுக்குடா. பெட்டியில வெச்சா நொறுங்கிடும்."

கல் சுவர், சுற்றிலும் சூரியகாந்தி வயல், கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீர் என்று வீடு பிரமாதம். மறுநாள் நாங்கள் எழுவதற்குள் பாத்திரம், பூ ஜாடி, ஒயின் கிளாஸ் ஒன்று விடாமல் தண்ணீர் தளும்பியது. குளியல் தொட்டி விளிம்பு வரைக்கும். குளிக்கப் போன மாமியார் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்க, சத்தம் கேட்டுச் சித்தப்பா ஓடினார்.

"ஐயையோ, என்னம்மா பண்றீங்க! எங்க தெருவே குளிக்கலாமே!"

மாமியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குளியலறை வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு சம்பந்தி நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? சாப்பிடும்போது அந்த அம்மாள் எங்கள் பக்கமே திரும்பவில்லை. அக்கா சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த சித்தப்பா சுருங்கிப் போனார்.

"அழாதம்மா. இனிமே நான் குழாய் பக்கமே போக மாட்டேன்."

போகவும் இல்லை. மறுநாள் மாமியார் தலை நிறைய ஷாம்பு போட்ட நேரம் பார்த்து மோட்டார் புகைந்து நின்றது. உள்ளேயிருந்து பிரெஞ்சில் ஒரே கூச்சல். ரிப்பேர்காரருக்குப் போன் போட்டால், அவரும் கோடை விடுமுறைக்குப் போயிருந்தார். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். சித்தப்பா திருதிருவென்று விழித்தார். பிறகு தன் கட்டிலுக்கு அடியிலிருந்து மெதுவாகப் பச்சைக் குடத்தை இழுத்தார். அதன் பின்னால் காலி ஒயின் பாட்டில்கள் வரிசையாக. எல்லாவற்றிலும் தண்ணீர்!

"சித்தப்பா! போக மாட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள் அக்கா.

"இது அதுக்கு முன்னாடி புடிச்சதும்மா. கீழ கொட்ட மனசு வரல."

குளியலறைக் கதவருகே குடத்தை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை குடத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் அதே குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிவிட்டார். சித்தப்பா பின்னாலேயே ஓடி, குடத்தை இடுப்பில் எப்படி வைப்பது என்று செய்து காட்டினார். மோட்டார் சரியாகும்வரை இருவருக்கும் அதுதான் வேலை. காலையில் பார்த்ததும் எங்கள் தெரு வழக்கப்படி, "தண்ணி வந்துச்சா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். அந்த அம்மாள் கற்ற தமிழ் அவ்வளவுதான். அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

சில வருஷம் கழித்துச் சித்தப்பா காலமான அன்று, போனில் அழுதுகொண்டிருந்த அக்கா, மாமியாரிடம் போனைக் கொடுத்தாள். அந்த அம்மாள் தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் கேட்டார்.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றேன். உண்மையில் நான் குழாயைத் திறந்து பார்க்கவே இல்லை. எங்களுக்காக அந்தக் கவலையைப் பட, அதுவரை ஒருவர் இருந்தார்.