பிரேக் போடாத டிரைலருக்குப் பூஜை

புது வண்டி வாங்கிய தமிழன் பிரேக்கைச் சோதிப்பதற்கு முன்பே எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விடுவான். நான் அதற்கும் ஒரு படி மேல். என் வண்டியில் சோதிக்கப் பிரேக்கே இல்லை.

மலை ஊரான ரிங்லெட்டில் காய்கறி லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு, மனைவி செல்வியின் தம்பி முரளியோடு பழைய இரும்பு வியாபாரத்தில் இறங்கியிருந்தேன். இரும்பு கிடக்கும் இடத்துக்கே போய் வெட்டி, நிறுத்து, ஏற்றி வர ஒரு பழைய டிரைலரை வாங்கினோம். அதற்கு நான் செய்த அலங்காரம் இருக்கிறதே! ஜெனரேட்டர், தராசு, பாரம் தூக்கும் செயின் பிளாக், சுத்தியல்களுக்குத் தனித்தனிக் கொக்கி, கை கழுவக் குழாய் (சோப்புத் தட்டு வேறு).

"ஹேண்ட் பிரேக் எங்க மாமா?" என்றான் முரளி.

"அடுத்த மாசம் போட்டுக்கலாம் லா. கல்லு இருக்குல்ல?"

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பழைய ஃபேக்டரியை உடைக்கப் போகிறார்கள். அந்த வேலை கிடைத்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் மறுபடி முட்டைக்கோசுதான். எங்கள் சாமான்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மேனேஜர் துரை சொல்லியிருந்தார். அவர் வரும் காலையிலேயே, ஃபேக்டரிக்கு மேலே இருந்த மேட்டில் பூஜையையும் வைத்தேன். நம் பக்தியையும் துரை பார்க்கட்டுமே என்ற நப்பாசை.

போட்டோவில் டிரைலர் தனியாகத் தெரிய வேண்டுமென்று, அதை இழுத்து வந்த பிக்கப்பிலிருந்து கழற்றி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து நிறுத்தினோம். மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தால், அது இருக்க வேண்டிய இடத்தில் கல் இருக்கிறது.

"ஏங்க, அந்தக் கல்லு..." என்றாள் செல்வி.

"சாமி காரியத்துல குறுக்க பேசாத!"

கல்லை எடுத்தேன். பழத்தை வைத்தேன். அடுத்த சக்கரத்துக்கும் அப்படியே.

டிரைலர் ஒரு கணம் யோசித்தது. நான் அதுகூடச் செய்யவில்லை. இரண்டு பழங்களும் முறைப்படி நசுங்கின. மாலையோடு டிரைலர் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, கீழே பள்ளத்தில் குப்புற விழுந்தது. நல்லவேளை, இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டர்கள் இன்னும் பிக்கப்பிலேயே இருந்தன. பள்ளத்துக்குப் பக்கத்து ரோட்டில் துரை நின்றிருந்தார். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஃபேக்டரி கதைய அப்புறம் பேசலாம்," என்றார் துரை. "மொதல்ல இத என் தேயிலைலேர்ந்து வெட்டி எடுங்க."

ஆக, எங்கள் கம்பெனி வெட்டிய முதல் பழைய இரும்பு எங்கள் டிரைலர்தான். சாயங்காலம் வரை ஒரு செடிகூட மேற்கொண்டு ஒடியாமல் துண்டு துண்டாக வெட்டி ஏற்றினோம். துரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெட்டுற வேலை சுத்தம்," என்றார் கடைசியில். "திங்கக்கெழம ஃபேக்டரிக்கு வாங்க. பூஜை மட்டும் வேணாம் லா."

இன்றும் சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் பூஜைக்கு என்னைத் தவறாமல் அழைக்கிறார்கள். போனதும் முரளி என் தோளைப் பிடித்துச் சரிவின் அடிக்குக் கொண்டுபோய் நிறுத்துவான்.

"இங்கயே நில்லுங்க மாமா. வந்தா புடிச்சிக்கிங்க."