கட்டம் அண்ணனின் வெள்ளைச் சதுரம்

ஒரு சதுரத்தைப் பார்த்துக் கண்கலங்கிய மனிதர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதிலும் கட்டம் அண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் அதன் விலையைக் கேட்டபிறகே கலங்கினோம்.

கிள்ளானில் லோரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். கடையை விற்றுவிட்டு ஓவியம் சேர்க்க ஆரம்பித்தார். முகம், மரம், மாடு உள்ள படங்கள் ஆகாது. சதுரம், முக்கோணம், கோடு, அவ்வளவுதான். கல்யாணப் படத்தைக் கழற்றி, அதே ஆணியில் ஒரு நீல முக்கோணத்தை மாட்டினார். அதன் முன்னால் நம்மை நிறுத்தி, மூச்சைக்கூட மெதுவாக விடச் சொல்வார்.

"இதுல என்னண்ணே தெரியணும்?"

"ஒண்ணும் தெரியக்கூடாது லா. அதான் ஆர்ட்டு."

அந்த வகையில் நான் முதல் பார்வையிலேயே தேறிவிட்டேன்.

அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, பத்தாண்டுகளாக அந்தப் படங்களை ஏறிட்டும் பார்த்ததில்லை. வெள்ளைச் சதுரத்தைப் பற்றிக் கேட்டால், "பெயின்ட் அடிக்க வந்தவன் பாதியில ஓடிட்டான்" என்பார்.

அந்த வெள்ளைச் சதுரத்தைத்தான் ஓர் ஓவியக்கூடம் கண்காட்சிக்குக் கேட்டது. வேறு எதுவும் வேண்டாமாம். பக்கத்தில் அண்ணன் பெயர் எழுதிய அட்டை வைப்பார்களாம். முடிதிருத்துபவர் முதல் வாழையிலைக் கடை முதலாளி வரை எல்லாரிடமும் சொன்னார். கண்காட்சிக்கென்று பூப்போட்ட புது பாத்தேக் சட்டையும் வாங்கினார்.

ஓவியக்கூடத்துப் பெண் வந்தது விஜயதசமியன்று, வியாழக்கிழமை, காலை பத்தே கால். என் நாட்குறிப்பில் இருக்கிறது. படத்தைத் தூக்க நானும் போயிருந்தேன். அருகில் போனால், சதுரத்தின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"எவன் வச்சது?" அண்ணன் கத்தியதில் மாடிவீட்டு ஜன்னல் திறந்தது.

"நான்தான்" என்றார் அக்கா. "நேத்து ஆயுத பூஜைக்கு காருக்கு வச்சேன், தையல் மெஷினுக்கு வச்சேன். உங்களுக்கு இப்ப தொழிலு இதுதானே? விட்டுட மனசு வரல."

அந்தப் பெண் சமாதானப்படுத்தினாள். "பரவால்ல அங்கிள், எங்க ஆளு க்ளீன் பண்ணிடுவாரு. இப்படியே மாட்ட முடியாது லா."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். சதுரத்துக்காகக் கலங்கிய கண் வேறு மாதிரி கலங்கியது.

"க்ளீன் பண்ண வேணாம்மா. நீங்க வேற படம் பாத்துக்குங்க."

அட்டையும் போயிற்று, பெயரும் போயிற்று. "பத்து வருஷத்துல இப்பதான்ணே படத்துல ஏதோ தெரியுது" என்றேன். முறைத்தார்.

இன்றும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பழைய பொட்டின்மேலேயே அக்கா புதுப் பொட்டு வைக்கிறார். அவர் ஏறி நிற்கும் ஸ்டூலை அண்ணன் இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார். அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குக் கேலி வருவதில்லை.