பலகைக்கு அப்பால் வைத்த தாராக்கள்

எங்கள் ஆட்களிடம் முதலாளி எது தெரியுமா என்று கேட்டாலும் பதில் ஆமாம்தான்: "ஓம்." பிறகுதான் பயப்படுவோம்.

இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த புதிதில், கால்சாப் பகுதியில் ஒரு சின்யோர் (ஐயா) வீட்டில், படுக்கையில் கிடந்த அவர் தாயைப் பராமரிக்கும் வேலை. அந்த வேலை நிலைத்தால்தான் மன்னாரில் இருந்த மனைவியைக் கூப்பிடலாம். ஒருநாள் சின்யோர் கேட்டார்: "தாரா வேட்டை தெரியுமா?" ஓம் என்றேன். (தாரா என்ற வாத்தை நான் கண்டதே கறிச்சட்டியில்தான்.)

முதலாளி கூப்பிட்ட ஞாயிறாயிற்றே என்று தேவாலயப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு போனேன். வெள்ளையைக் கண்டால் பறவை இறங்காது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு, தன் பழைய பச்சைக் கோட்டை மேலே போட்டுவிட்டார்.

போன இடம் ஒரு ஏரி. அதன் ஒரு பகுதியில் சுடலாம். மஞ்சள் அறிவிப்புப் பலகைகளுக்கு அப்பால் பறவைகளின் காப்பிடம். அங்கே சுட்டால் துவக்கைப் பறித்து வழக்கும் போடுவார்கள். (இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.) தெரிந்தவனுக்கு எதற்கு விளக்கம் என்று, உண்மைத் தாராக்களை ஏய்த்து இறக்கும் பிளாஸ்டிக் தாராக்களை என்னிடம் தந்துவிட்டு நாணலுக்குள் ஒளிந்துகொண்டார். நான் மன்னார்க்காரன். மீன் நிற்கிற இடத்தில்தானே வலை? தாராக்கள் மேய்ந்தது பலகைகளுக்கு அப்பால். அங்கேயே போய் அழகாக மிதக்கவிட்டு வந்தேன்.

நன்றாக விடிந்தது. வானம் இரைந்தது. செந்தலைத் தாராக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி, என் பிளாஸ்டிக் தாராக்களைச் சுற்றி முக்குளித்தன. ஏரியே வெறுமையானது. அடுத்த கணம் வேறெங்கோ தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பின. என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சின்யோர் துவக்கைத் தூக்கினார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துவக்கை இறக்கினார். வேலை போய்விட்டது, மனைவியும் வரப்போவதில்லை என்று நினைத்தேன்.

வெகுநேரம் இருவரும் அந்தத் தாராக்களையே பார்த்துக்கொண்டு இருந்தோம். திரும்பும் வழியில் கேட்டார். (அவர் பேசியது இத்தாலியன், என் காதில் விழுந்தது இப்படி.)

"உனக்கு வேட்டை தெரியாது, என்ன?"

"ஓம்."

"அம்மாவைப் பாக்கத் தெரியும்தானே?"

"ஓம், சின்யோர். அது உண்மையாத் தெரியும்."

"அது காணும், வேறொண்டும் வேண்டாம். இப்பிடியொரு காட்சியை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை."

மனைவி வந்தாள், மகள் பிறந்தாள். போன வாரம் விருந்தாளியின் தட்டில் பெரிய மீன் துண்டைப் போட்டுவிட்டு எனக்கு மிஞ்சிய வெறும் சட்டியைப் பார்த்து நின்றேன். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகள் கத்தினாள்: "அம்மா, அப்பா திரும்பவும் பலகைக்கு அங்காலை தாரா வைச்சிட்டார்!"

"அந்தாள் எப்பவும் அப்பிடித்தான்," என்றாள் மனைவி.

சிரிக்கட்டும். அந்தத் தாராக்களை அவர்கள் பார்க்கவில்லையே.