ஈயப்புகை தேடிய கறுப்பு பிளாஸ்டிக்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் பத்திரிகைக்கு எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எழுத்துதான் குறைச்சல், அதற்குப் பேத்தி பாப்பா இருக்கிறாள்; பார்த்தது குறைச்சல் இல்லை. அந்தத் துணிச்சலில் சொல்கிறேன்: எங்கள் தலத்தெரு ஈயப்புகையைப் போல ஒரு பிறவி காரைக்காலிலும் கிடையாது, கடல் தாண்டிப் பாரீசிலும் கிடையாது.

அடுத்த வீட்டுக்காரர். ரேடியோ ரிப்பேர். ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தே காலம் கழித்ததால், ஆள் தெருமுனையில் வரும்போதே வாடை வந்துவிடும். அதனால் அந்தப் பெயர். சோற்றில் கல் கிடந்தால் துப்பமாட்டார். எடுத்து, இது எந்த ரேடியோவுக்குப் பொருந்தும் என்று பார்ப்பார்.

எண்பதுகளின் நடுவில் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுப் போய்விட்டது. இடது கைக் கட்டைவிரலும் பாதி உதடும்தான் அவள் சொன்னபடி கேட்டன. ஒருநாள் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். இவர் வாசல் அறையில் ஊர் ரேடியோக்களை எல்லாம் பாடவிட்டுக்கொண்டிருக்க, தரையிலேயே கிடந்திருக்கிறாள். நான் குழம்பு கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு: அவள் கூப்பிட வேண்டும், தனக்குக் கேட்க வேண்டும்.

முதலில் கட்டிலோரம் மணிக்கு ஒயர் இழுத்தார். எங்கள் பக்கத்துச் சுவர்கள் கடல்காற்றில் உப்புப் பூத்து ஈரமாகவே இருக்கும். அவள் அமுக்கினாள்; மணி அடிக்கவில்லை, ஷாக் அடித்தது. அப்புறம் ஒயரைக் கண்டாலே அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும்.

"கட்டில்கிட்ட ஒயரே இல்லாம செஞ்சிடுறேன்க்கா."

"ஒயரில்லாம எப்படித் தம்பி மணி அடிக்கும்? உடுக்கை அடிச்சு வரவழைப்பீங்களா?"

"வெளிச்சத்துல அடிக்கும்க்கா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

"தெரியாத வெளிச்சத்துக்குப் பேரு இருட்டு தம்பி."

ஆனாலும் செய்துவிட்டார். அவள் கையில் தீப்பெட்டி மாதிரி ஒரு பொத்தான் பெட்டி. எதிர்ச் சுவரில் மிளகு அளவில் ஒரு கண். அவள் அமுக்கினால் அந்தக் கண் பார்த்துக்கொள்ளும், வாசல் அறையில் மணி அடிக்கும். அடிக்கத்தான் செய்தது. அவள் அமுக்கினாலும் அடித்தது, அமுக்காவிட்டாலும் அடித்தது. டியூப்லைட் போட்டால் அடித்தது. ஜன்னலோரம் காக்காய் பறந்தால் அடித்தது. ஒவ்வொரு தடவையும் இவர் பழுக்கக் காய்ந்த ஈயக்கோலும் கையுமாக உள்ளே ஓட, தூங்கிக்கொண்டிருந்தவள் கொள்ளிக்கட்டையைக் கண்டது போல மிரள, பார்க்கச் சகிக்காது.

"சுவத்துக் கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போடணும்க்கா. சாதா வெளிச்சத்தை மறிச்சுட்டு அந்த வெளிச்சத்தை மட்டும் விடணும். அப்படி ஒரு கறுப்பு பிளாஸ்டிக்கு இருக்கு. எங்க இருக்குன்னுதான் தெரியல."

தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பையில் மணியும், கழற்றிய கண்ணும், பெட்டியுமாக வீடு வீடாக வருவார். கறுப்பாக எது அகப்பட்டாலும் பெட்டிக்கும் அந்தக் கண்ணுக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பார்ப்பார். என் சீப்பைப் பார்த்தார், குடைப்பிடியைப் பார்த்தார், மணி ஊமை. திருமலைராயன்பட்டினம் போய், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவரின் கூலிங் கிளாஸை மூக்கிலிருந்தே கழற்றினார். அது எல்லா வெளிச்சத்தையும் விட்டது. கடைசியில் மனைவியின் எக்ஸ்ரே படத்தையே வைத்துப் பார்த்தார். அது எதையும் விடவில்லை.

பிரெஞ்சு பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் கடைசி வீட்டில் இருந்தார். அவரிடம் ரிமோட் வைத்த டி.வி. அந்த ரிமோட்டின் மூக்கில் கருஞ்சிவப்பாக ஒரு துண்டு. தேடிய பிளாஸ்டிக்கைக் கண்டுவிட்ட ஈயப்புகை அங்கேயே நின்றுவிட்டார்.

"முசியே, ஐயா, அந்த மூக்கை மட்டும் கழட்டித் தாங்க."

"குடுத்துட்டு நான் என்னத்தைய்யா அமுக்குறது?"

"எந்திரிச்சுப் போயி டி.வி.யையே அமுக்குங்க. உங்களுக்குக் காலு நல்லாத்தான இருக்கு."

பட்டாளத்து மனுஷன். வாசல்வரை துரத்திவந்தார்.

அன்று என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தவர் பையிலிருந்து மணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. என் மூத்தவள் கல்யாணத்தைக் கொழுந்தனார் பிரான்சிலிருந்து கொண்டுவந்த கேமராவில் கலர் படமாக எடுத்தார். தாலி கட்டி முடிந்ததும், "படம் உள்ள விழுந்திருச்சா?" என்று சம்பந்தி கேட்க, பெருமையாகக் கேமராவின் முதுகைத் திறந்து காட்டினார். ஸ்டூடியோவில் கழுவி வாங்கினால், வெளிச்சம் பட்டுச் சுருள் முழுக்கக் கறுப்பு. மங்கல காரியத்துப் பொருளைக் குப்பையில் போடக்கூடாதே என்று கூறைப்புடவையோடு மடித்து வைத்திருந்தேன்.

எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து மணியின் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். டியூப்லைட் போட்டோம், மணி சும்மா இருந்தது. பொத்தானை அமுக்கினார், அடித்தது.

"உங்க பொண்ணு கல்யாணம் வீணாப் போவலக்கா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

அதற்குப்பிறகு அந்த வீட்டில் மணி ஓயவே இல்லை. தண்ணீருக்கு அடித்தாள், தலையணைக்கு அடித்தாள், ஒன்றுமில்லாததற்கும் அடித்தாள். "இந்தா வர்றேன்" என்று ஓடுவார். போனால் பாதி உதட்டில் சிரிப்பாள். "உசிரை வாங்குறாக்கா," என்பார் என்னிடம். முகம் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

தை பிறந்ததும் அவள் போய்விட்டாள். பகலில், இவர் வாசல் அறையில் வேலையாக இருக்கும்போதே.

காரியம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொத்தானைக் கொஞ்சம் அமுக்குங்கக்கா."

"எதுக்குத் தம்பி?"

"அன்னிக்கு மணி அடிக்கலைக்கா. பிலிமு அந்த வெளிச்சத்தையும் மறிச்சிருக்குமோ? அவ கூப்பிட்டு எனக்குத்தான் கேக்காமப் போச்சோ?"

வாசல் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். வெறுங்கட்டில் ஓரமாக நின்று அமுக்கினேன். மணி சுத்தமாக அடித்தது. நாற்காலி இழுபடும் சத்தம். "இந்தா வர்றேன்" என்று நிலைப்படி வரை வந்தவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மிஷினு நல்லாத்தான் இருக்கு தம்பி. தூக்கத்துல போயிருக்கா. வலிச்சிருந்தா உங்களைக் கூப்பிடாம இருப்பாளா?"

தலையை ஆட்டினார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

"இன்னொரு தடவை அமுக்குங்கக்கா."

அமுக்கினேன்.

பாப்பா, நான் சொல்லி இதுவரைக்கும் எழுதினதை எடுத்து வாசி, கேட்போம். அவர் ஓடி வருகிற இடத்தை மட்டும் மெதுவாக வாசி.