சீமாட்டி என்ற ஆடும் என் மனிதவளப் பயிற்சியும்

தெமோதரை,
2004 ஆவணி.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பெரியப்பாவுக்கு,

நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு மகள் நிசாந்தினி எழுதுவது. தாங்களும் பெரியம்மாவும் கோண்டாவிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம். காய்ச்சல் இல்லை, சாப்பாட்டுக்குக் குறையில்லை, அட்டை கடித்த இடங்களும் ஆறிவிட்டன. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு கந்தோரில், வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ, மீன்சந்தைக் கந்தோராக இருந்தாலும் பரவாயில்லை, மிச்சப் பயிற்சிக் காலத்தைக் கழிக்க எனக்கு ஒரு கதிரை தேடித் தரவேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். ஆறுதலாகச் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது ஆட்டைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

மனிதவள முகாமைத்துவம் படிக்கும் எங்களுக்கு மூன்றாம் ஆண்டு முழுவதும் ஏதாவது நிறுவனத்தில் பயிற்சி என்பது தங்களுக்குத் தெரியும். என்னோடு படிக்கும் லதுஷாவுக்குக் கொழும்பில் குளிரூட்டிய வங்கி கிடைத்தது. எனக்குத் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். "மலைக்காற்று இழுப்புக்கு நல்லது, போ பிள்ளை" என்று அனுப்பி வைத்தது தாங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை, ஒரு ஞாபகத்துக்கு எழுதுகிறேன்.

வந்து இறங்கிய அன்றே தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இராசையா ஓடி வந்து, "மிஸ், தொரை ஒங்கள பேசணுமாம், ஒடனே வாங்க" என்றார். எங்கள் ஊரில் ஒருவரைப் பேசுவதென்றால் ஏசுவது அல்லவா? இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் என்ன பிழை விட்டேன் என்று தெரியாமல் பங்களாப் படி முழுவதும் அழுதுகொண்டே ஏறினேன். தோட்ட முகாமையாளரான தொரை நல்ல சிங்கள மனிதர். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "மிஸ்ஸுக்கு டீ பால் போட்டா, பிளேனா?" என்று கேட்டார். பேச இருந்தது அவ்வளவுதான். நான் அதற்கும் அழுதேன்.

மறுநாள் விடிய, வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரையும் கூட்டுகிற பெரட்டில் என்னை அறிமுகம் செய்தார்கள். அங்கேதான் என் தலைவிதி வளைந்தது. இராசையாக் கிளாக்கர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, "இவங்க கெம்பஸ்ல இருந்து வந்திருக்காங்க. மனித... மனித..." என்று இழுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் "வளம்" என்று மெல்லச் சொன்னேன். மழைக்காற்று அதைத் தெமோதரைப் பக்கம் கொண்டு போய்விட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனித உரிமை!" என்று முழங்கினார். சனம் கைதட்டியது.

அன்று பின்னேரம் கந்தோர் விறாந்தையில் நிற்க இடமில்லை. ஒரு தாத்தாவுக்குக் கொழும்பில் இருக்கும் மகன் காகிதம் போடுவதில்லை. ஒரு அக்காவுக்குப் பிடித்த நாடகம் டீவியில் வரும் நேரம் பார்த்து அவருடைய மாமியார் சாமி கும்பிடுகிறார். இன்னொருவரைத் தோட்டத்து வொலிபோல் அணியில் சேர்க்கவில்லை, இது உரிமை மீறலா இல்லையா என்று இப்போதே தெரியவேண்டுமாம். "ஐயா, நான் உரிமை இல்லை, வளம்" என்றேன். "வளம்னா ஒரமாங்க? ஒரம் போட ஏற்கனவே ஆளு இருக்கே" என்றார் ஒருவர். நான் வெறும் மாணவி என்றும் சொல்லிப் பார்த்தேன். "எவ்வளவு பணிவு பாத்தியா!" என்று தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள். பிறகு நான் என்னதான் செய்வது, பெரியப்பா?

இந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர்தான் பாக்கியலெட்சுமி. கொழுந்து பறிப்பவர். குரல் ஒரு மலையில் எழுந்தால் மற்ற மலையில் கேட்கும். "மிஸ், பக்கத்து வீட்டு ரமேஸோட ஆடு நான் போட்ட போஞ்சிக் கொடி அம்புட்டையும் மேஞ்சிருச்சு. கேட்டா, ஆடுன்னா மேயத்தான் செய்யும்கிறான். அந்த ஆட்டுக்கு உரிமை இருக்கா, எனக்கு இருக்கா? இப்ப சொல்லுங்க" என்றார். ஆட்டின் பெயர் சீமாட்டி. ரமேஸ் பக்டரியில் வேலை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அவர் வீட்டுக்கும் பாக்கியலெட்சுமியின் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தச் சண்டையில் லயமே இரண்டாகப் பிரிந்து, போஞ்சிக் கட்சியார் ஆட்டுக் கட்சியாரோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கமாட்டோம் என்று நிற்கும் அளவுக்குப் போய்விட்டது. தொரை என்னைக் கூப்பிட்டு, "மிஸ், இது உங்க வேலை. கொழும்பில இருந்து நளீரா மேடம் வாறது. சண்டை இருக்கக் கூடாது" என்றார். நளீரா மேடம் எங்கள் கம்பனியின் மனிதவளத் தலைவி. நான் பயிற்சியில் தேறினேனா இல்லையா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போவதும் அவர்தான்.

விரிவுரைக் குறிப்பைப் புரட்டினேன். பிணக்குள்ளவர்களைப் பாத்திரம் மாற்றி நடிக்க வைத்தால், ஒருவர் நிலை மற்றவருக்குப் புரியும் என்று போட்டிருந்தது. எழுதியவர் ஒருநாளும் பாக்கியலெட்சுமியைக் கண்டிருக்கமாட்டார். மேடம் வருவதற்கு முதல்நாள், வேலை முடிந்த பிறகு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் முற்றத்தில் இருவரையும் நிறுத்தினேன். பார்க்க வேறு யாரும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்ததால் தோட்டம் முழுவதும் வந்திருந்தது.

பாக்கியலெட்சுமி சேலையை வரிந்து கட்டி, இல்லாத மீசையை முறுக்கி, ரமேஸ் மாதிரியே ஒரு தோளைச் சரித்துக்கொண்டு வந்தார். "ஏ பாக்கியம்! வேலி எது வாசல் எதுன்னு தெரிய எஞ் சீமாட்டி என்ன ஓ.எல். பாசா?" சனம் "அப்படியே ரமேசுடா!" என்று ஆர்ப்பரித்தது. ரமேஸ் விடுவாரா? துவாயைத் தலையில் போட்டு மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயோ எம் போஞ்சி! வீட்டுக்காரருக்கு ஒருவாய் தண்ணி குடுக்காம ஒனக்கு ஊத்துனேனே!" முதலில் கைதட்டியது பாக்கியலெட்சுமியின் வீட்டுக்காரர்.

எனக்குப் பெருமையாக இருந்தது, பெரியப்பா. இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பின்னால் இருந்து யாரோ, "ஆடு எங்க? ஆடு இல்லாம என்னா வழக்கு?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லுமுன் இராசையாக் கிளாக்கர் கூட்டத்தில் இருந்து வந்து, கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, "நான் ஆடா வர்றேங்க" என்று நாலு காலில் இறங்கிவிட்டார். யாரோ அவருக்கு முன்னால் ஒரு பிடி போஞ்சியும் போட்டார்கள்.

"சீமாட்டி, ஏன் அடுத்த வீட்டுப் போஞ்சிய தின்ன?" என்று கேட்டார் பாக்கியலெட்சுமி.

"மே... பசிங்க. காலைல எந்திரிச்சதுல இருந்து ஒரே வெரட்டு. இந்தப் பக்கம் போனா ரமேசு வெரட்டுறான். அந்தப் பக்கம் போனா பாக்கியம் வெரட்டுது. ஆபீசுக்குப் போனா தொரை வெரட்டுறாரு."

"ஆடு எதுக்குய்யா ஆபீசுக்குப் போவுது?" என்றார் ரமேஸ்.

"போகாம? கொழும்புக்கு ரிப்போட்டு யாரு எழுதுறது? எழுதுறது ஆடு, கையெழுத்து மட்டுந்தான் தொரை! மொனராகலையில மகளுக்குப் புள்ள பொறந்து, அது நடக்கவே ஆரம்பிச்சிருச்சு. இன்னும் போய்ப் பாக்கல. லீவு கேட்டா, பாப்பம் பாப்பம்ங்கிறாரு. எத்தன நாளைக்குங்க பாப்பம்? மே!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு பின்வரிசையில் இருந்து சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றுகொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தேன். தொரை நின்றார். அவருக்குப் பக்கத்தில், ஒருநாள் முந்தியே வந்துவிட்ட நளீரா மேடம். இராசையாக் கிளாக்கருக்குக் கண்ணாடி இல்லாமல் தூரம் தெரியாது. வாயில் போஞ்சியோடு தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"நீங்க யாரு?" என்று மேடம் கேட்டார்.

"ஆடுங்க மேடம்."

"கிளாக்கர்!" என்றார் தொரை.

கிளாக்கர் பதற்றத்தில், "மே!" என்றார்.

"இத ஒழுங்கு பண்ணினது யாரு?" என்று மேடம் கேட்டதும் போஞ்சிக் கட்சியும் ஆட்டுக் கட்சியும் முதன்முறையாக ஒற்றுமைப்பட்டு என்னைக் காட்டின. மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். தேநீர்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தொரையும் அன்றில் இருந்து என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இராசையாக் கிளாக்கர் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அவருடைய கண்ணாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கொடுக்கப் போக எனக்கு முகமில்லை. பாக்கியலெட்சுமியும் ரமேஸும் மட்டும் சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இருந்துகொண்டு ஒருவரைப்போல் ஒருவர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வழியில் கண்டவர்கள் எல்லாரும் "அடுத்த நாடகம் எப்ப மிஸ்?" என்று கேட்கிறார்கள். ஒரு வயதான மனிதரைப் பலர் முன்னால் மே என்று கத்தவைத்து, அவர் வேலைக்கும் உலை வைத்துவிட்டேன்.

ஆகவே பெரியப்பா, என் மானம் தங்கள் கையில். தங்களுக்குத் தெரிந்த கந்தோர்களில் கேட்டு, மனிதர்களோடு அதிகம் பழகத் தேவையில்லாத இடமாகப் பாருங்கள். பெரியம்மாவுக்கு என் அன்பு. தம்பி யதுர்ஷன் மனிதவளம் படிக்கப் போகிறேன் என்றால் காலை முறித்து வையுங்கள். தங்கள் எல்லாருக்கும் கந்தன் குறைவில்லாத சுகம் தரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் ஆசியை எதிர்பார்க்கும் மகள்,
நிசாந்தினி

பி.கு.: கதிரை தேடவேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் தொரை கூப்பிட்டு அனுப்பினார். நளீரா மேடம் கொழும்பில் இருந்து தொலைபேசி எடுத்தாராம். தலைமைக் கந்தோரில் பெரிய அதிகாரிகள் இருவர் போன வருடத்தில் இருந்து முகம் பார்த்துக் கதைப்பதில்லையாம். நான் வந்து இதே மாதிரி ஒன்று செய்யவேண்டுமாம். இராசையாக் கிளாக்கருக்குத் தொரை லீவு கொடுத்துவிட்டார். கண்ணாடியை என்னிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு, பேரனுக்குச் சட்டை வாங்கி வைத்த பையோடு, முதுகுவலி ஏதும் இல்லாமல் ஓடிப்போய் மொனராகலை பஸ்ஸில் ஏறினார். "அப்ப கொழும்பில ஆடு யார், சேர்?" என்று கேட்டேன். தொரை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மிஸ், ஆடு நான் செய்றது. எனக்கும் கொழும்புக்குச் சொல்ல நிறைய இருக்கு" என்றார். இதை எழுதும்போது பங்களாப் பக்கம் இருந்து மே என்று சத்தம் கேட்கிறது. குரல் இன்னும் கொஞ்சம் மெலிய வேண்டும் என்று போய்ச் சொல்லவேண்டும்.